சுஹைலைத் தேடிய விண்கலம்

பயணத்தின் நடுவே தொழுகை நேரம் வந்துவிட்டால் நம் கை முதலில் தேடுவது கைப்பேசியைத்தான். திரையில் ஒரு முள் சுழன்று நின்று கிப்லாவைக் காட்டிவிடுகிறது. இரும்புக் கம்பிகள் நிறைந்த கட்டடத்திலோ ஓடும் இரயிலிலோ அந்த முள் தடுமாறும்போதுதான் நாம் யோசிக்கத் தொடங்குகிறோம். ஒரே அறையில் இரண்டு கைப்பேசிகள் இரண்டு திசைகளைக் காட்ட, எதை நம்புவது என்று அறியாமல் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. வானைப் பார்த்துத் திசை சொல்லக்கூடியவர் அந்த அறையில் பெரும்பாலும் இருப்பதில்லை.

கிப்லாவை அறிய இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். நாம் எங்கே இருக்கிறோம் என்பது ஒன்று. எத்திசையை நோக்கி நிற்கிறோம் என்பது மற்றொன்று. பூமியை விட்டு வெகுதொலைவு சென்றுவிட்ட விண்கலத்துக்கும், செவ்வாயின் மணலில் ஊரும் ரோவர் ஊர்திக்கும் இவையே வாழ்வா சாவா என்னும் கேள்விகள். அங்கே வழிகாட்டும் செயற்கைக்கோள் வலை இல்லை. செவ்வாய்க்கு முழுக்கோளையும் தழுவிய காந்தப்புலம் இல்லாததால் திசைகாட்டும் காந்தமுள்ளும் அங்கே பயன்படாது. பூமியிலிருந்து ஓர் ஆணை செவ்வாயைச் சென்றடைய, இரு கோள்களும் இருக்கும் தொலைவைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடங்கள் வரை ஆகும். ஆகவே கலம் தானே தன் வழியை அறிய வேண்டும். அதற்கு அது நாடுவது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாலைவனப் பயணியும் கடலோடியும் நாடிய அதே விண்மீன்களை. இந்த நெடிய வரலாற்றில் நம் முன்னோருக்கு உரிய பங்கு எது, உரிமை இல்லாதது எது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

கஅபாவும் சுஹைலும்

இரவு வானில் ஒளி மிகுந்த விண்மீன் ஷிஃரா. திருக்குர்ஆனின் அந்நஜ்ம் அத்தியாயத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்படும் விண்மீன் இதுவே. அதற்கு அடுத்த ஒளி மிக்கது, தென்வானில் தாழ்வாகத் தோன்றும் சுஹைல். தமிழ் மரபு இதனை அகத்தியர் என்று அழைக்கிறது. மேலைநாட்டார் கனோப்பஸ் என்கின்றனர். கஅபாவின் நீண்ட அச்சு, மக்காவில் சுஹைல் உதிக்கும் திசையை நோக்கி அமைந்திருப்பதை இடைக்கால அரபு நூல்கள் குறித்து வைத்திருக்கின்றன. தொலைவான ஊர்களில் வாழ்ந்த மக்கள் சூரியனும் விண்மீன்களும் உதிக்கும், மறையும் இடங்களைக் கொண்டே நெடுங்காலம் கிப்லாவை நிர்ணயித்தனர்.

பின்னர் கணிதம் வளர்ந்தது. அறிஞர் அல்பிரூனி, கஸ்னா நகரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கண்டறிந்து, அதன் வழியே அந்நகரின் கிப்லாவைத் துல்லியமாகக் கணிப்பதற்காக ஒரு முழு நூலையே எழுதி 1025-இல் முடித்தார். பள்ளிவாசல்களில் தொழுகை நேரத்தைக் கணிக்க முவக்கித் என்னும் வானியலாளர்கள் பணியமர்த்தப்பட்டனர். டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலின் முவக்கித்தாக விளங்கிய இப்னு ஷாத்திர், 14ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த வானியலாளர்களுள் ஒருவர். இடம், திசை, நேரம் ஆகிய மூன்றையும் வானிலிருந்து பெறுவது அவர்களுக்கு அன்றாட வணக்கத்தோடு இணைந்த கடமையாக இருந்தது.

விரலும் பலகையும்

தரையிலும் கடலிலும் இருளில் வழி அறிவதற்காக விண்மீன்கள் அமைக்கப்பட்டன என்பது அல்அன்ஆம் அத்தியாயம் நினைவூட்டும் அருட்கொடை. அதனைத் தம் தொழிலாகவே கொண்டவர்கள் இந்தியப் பெருங்கடலின் கடலோடிகள். அவர்களுள் புகழ்பெற்றவர் இன்றைய ராஸ் அல்கைமாவை அடுத்த ஜுல்ஃபாரைச் சேர்ந்த அஹ்மத் இப்னு மாஜித். கடல்வழிக் கலையின் அடிப்படைகளைத் தொகுத்து அவர் எழுதிய நூல் 1490-ஐ ஒட்டிய ஆண்டுகளைச் சேர்ந்தது.

அவர்களுடைய கருவி மிக எளியது. கமால் எனப்பட்ட சிறு மரப்பலகையின் நடுவிலிருந்து முடிச்சுகள் இட்ட ஒரு கயிறு தொங்கும். கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்துப் பலகையை முன்னே நீட்ட வேண்டும். பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்தையும் மேல் விளிம்பு துருவ விண்மீனையும் தொட்டால், எந்த முடிச்சு பல்லில் இருக்கிறதோ அதுவே விண்மீனின் உயரத்தைச் சொல்லும். அந்த உயரம் வடக்கு தெற்காகக் கப்பல் எங்கே நிற்கிறது என்பதை உணர்த்தும். அளவின் அலகு இஸ்பஃ, அதாவது விரல். முழு வட்டத்துக்கு 224 விரல்கள் என்று கொண்டால் ஒரு விரல் ஏறத்தாழ 1.6 பாகை. வடக்கு நோக்கி ஒரு நாள் முழுதும் பாய் விரித்து ஓடினால் துருவ விண்மீன் ஒரு விரல் உயரும் என்பது அவர்கள் கணக்கு.

அக்காலத்தில் துருவ விண்மீன் வானின் துருவத்திலிருந்து மூன்று பாகைக்கும் மேலாக விலகி இருந்தது. இரவு முழுவதும் அது ஒரு சிறு வட்டமிட்டு நகரும். ஆகவே எந்த நேரத்தில் அளந்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். சந்திரனின் 28 மன்ஸில்களுள் எது உச்சியில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பத் திருத்தத்தைக் கூட்டியோ கழித்தோ சரிசெய்தனர். கண்ணில் பட்டதை அப்படியே ஏற்காமல், பிழையின் அளவை அறிந்து திருத்தியதே அவர்களுடைய திறமை.

இதே பலகை நம் கரைக்கும் அந்நியமன்று. சோழமண்டலக் கரைத் தோணிக்காரர்கள் முடிச்சுக் கயிறு கட்டிய பலகையால் துருவ விண்மீனை அளந்து கடலோடியதைக் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் 1850-இல் பதிவு செய்திருக்கிறார். மாலுமி என்று நாம் வழங்கும் சொல்லும் முஅல்லிம் என்ற அரபுச் சொல்லின் தமிழ் வடிவமே. கற்பிப்பவர் என்னும் பொருளுடைய அச்சொல் கப்பலின் வழிகாட்டியைக் குறித்தது.

பட்டியல் இல்லாமல் பாதை இல்லை

ஒரு விண்மீனைக் கொண்டு வழி காண வேண்டுமானால் அது எந்த விண்மீன், எங்கே இருக்கிறது, எவ்வளவு ஒளியுடையது என்பது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். அத்தகைய பட்டியல்களின் வரலாற்றில் இரு பெயர்கள் முதன்மையானவை. ரய் நகரில் 903-இல் பிறந்த அப்துர் ரஹ்மான் அல்ஸூஃபி, 964-ஐ ஒட்டி 48 விண்மீன் கூட்டங்களைப் படங்களுடன் விளக்கி ஒரு நூல் எழுதினார். அதற்கு அடித்தளம் கிரேக்க அறிஞர் தாலமியின் பட்டியல். ஆயினும் ஒவ்வொரு விண்மீனின் ஒளியையும் அல்ஸூஃபி தம் கண்ணால் கண்டு மதிப்பிட்டு, தாலமியோடு வேறுபட்ட இடங்களை வெளிப்படையாகக் குறித்தார். சமர்கந்தின் அரசர் உலூக் பேக், சுமார் 40 மீட்டர் ஆரமுள்ள மாபெரும் கோணமானியை எழுப்பி, 1,018 விண்மீன்களின் பட்டியலை 1437-இல் நிறைவு செய்தார். அதிலுள்ள பெரும்பாலான விண்மீன்களின் இடங்கள் புதிதாக அளக்கப்பட்டவை.

இந்நூல்கள் ஐரோப்பாவுக்குச் சென்றன. அவற்றோடு பெயர்களும் சென்றன. பின்தொடர்பவன் என்னும் பொருளுடைய அத்தபரான் இன்றும் அல்டெபரான். கால் என்று பொருள்படும் ரிஜ்ல், ரைஜெல். பறக்கும் கழுகைக் குறிக்கும் அத்தாயிர், ஆல்ட்டேர். இன்றைய விண்வெளி வீரரும் இவற்றை இந்த ஒலிகளிலேயே அழைக்கிறார்.

வேறு விண்மீனைப் பற்றிய கலம்

1964 நவம்பர் 28 அன்று அமெரிக்காவின் மரைனர்-4 செவ்வாயை நோக்கிப் புறப்பட்டது. சூரியனை ஓர் உணரி பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் சூரியனை மட்டும் பார்த்தால் போதாது. அந்த அச்சைச் சுற்றிக் கலம் எவ்வளவு உருண்டிருக்கிறது என்பது தெரியாது. இரண்டாவதாக ஓர் ஒளிப்புள்ளி வேண்டும். அது நல்ல ஒளியுடையதாகவும், சூரியன் செல்லும் பாதையை விட்டு வெகுவாக விலகியதாகவும் இருக்க வேண்டும். இவ்விரு தகுதிகளும் ஒருங்கே அமைந்தது சுஹைல். பாலையில் நம் முன்னோர் தேடிய அதே விண்மீனை, செவ்வாய்க்குப் புறப்பட்ட அந்தக் கலமும் தேடியது.

தேடல் எளிதாக முடியவில்லை. அந்த உணரிக்கு ஒளியின் அளவு மட்டுமே தெரியும், முகம் தெரியாது. வேறு சில விண்மீன்களைச் சுஹைல் என்று எண்ணிப் பற்றிக்கொண்டது. சரியான விண்மீனை அடைய ஒரு நாளுக்கும் மேலானது. அதன் பிறகும் கலத்தின் அருகே மிதந்த தூசுகள் வெயிலில் மின்னி உணரியைத் திசைதிருப்பின. பூமியிலிருந்து பொறியாளர்கள் ஆணை அனுப்பி, உணரி ஏற்கும் ஒளியின் வரம்பை மாற்ற நேர்ந்தது. 1965 ஜூலையில் மரைனர்-4 செவ்வாயைக் கடந்து, வேற்றுக் கோளொன்றின் முதல் அண்மைப் படங்களை அனுப்பியது.

ஒற்றை ஒளியை நம்பினால் தூசும் விண்மீனாகத் தோன்றும் என்பதைப் பொறியாளர்கள் இதில் கண்டுகொண்டனர்.

லோவெலின் விரல் பிசகியபோது

சந்திரனுக்குச் சென்ற அப்பல்லோ கலங்களில் செக்ஸ்டன்ட் என்னும் கோணமானி பொருத்தப்பட்டிருந்தது. அதன் கணினியில் 37 விண்மீன்கள் எண்ணிட்டு வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி அரபு வழி வந்த பெயர்கள். மூன்று பெயர்கள் மட்டும் புதியவை. வீரர் கிரிஸம், தம் பெயரையும் தோழர்கள் இருவரின் பெயர்களையும் சேர்ந்த எழுத்துகளை விளையாட்டாகத் திருப்பிப் போட்டு அவற்றைப் பட்டியலில் நுழைத்திருந்தார். 1967 ஜனவரியில் மூவரும் தரைச் சோதனையில் தீ விபத்துக்குப் பலியாயினர். அப்பெயர்கள் பட்டியலிலேயே நிலைத்துவிட்டன.

1968 டிசம்பரில் அப்பல்லோ-8 சந்திரனைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தது. வழி காணும் பொறுப்பு ஜிம் லோவெலுடையது. விண்மீன் எண்ணைத் தட்ட வேண்டிய இடத்தில் அவர் தவறுதலாக வேறொரு நிரலின் எண்ணைத் தட்டிவிட்டார். ஏவுதளத்தில் நிற்கிறோம் என்று கணினி நம்பிவிட்டது. எத்திசையை நோக்குகிறோம் என்ற நினைவு அதனிடமிருந்து அழிந்தது. லோவெல் ரைஜெலையும் ஷிஃராவையும் பார்வைக்குள் கொண்டுவந்து, கலத்தின் திசையை மறுபடியும் அதற்குக் கற்பித்தார்.

பதினாறு மாதங்களுக்குப் பிறகு, 1970 ஏப்ரலில், அதே லோவெல் அப்பல்லோ-13 கலத்தில் இருந்தார். ஆக்சிஜன் கொள்கலன் வெடித்தது. சிதறிய துகள்கள் கலத்தைச் சூழ்ந்து மின்ன, எது விண்மீன், எது துகள் என்று பிரித்தறிய இயலவில்லை. வேறு எதனோடும் குழம்ப வழியில்லாத சூரியனைக் கொண்டே அவர்கள் தம் திசையைச் சரிபார்த்து வீடு திரும்பினர்.

மனிதன் இல்லாத மாலுமி

இக்கால விண்கலங்களில் இப்பணியைச் செய்வது விண்மீன் உணரி என்னும் சிறு ஒளிப்படக் கருவி. அது வானின் ஒரு துண்டைப் படமெடுக்கும். படத்தில் உள்ள புள்ளிகளுக்கு இடையிலான கோணங்களை அளக்கும். தன் நினைவகத்தில் உள்ள பட்டியலோடு அவற்றை ஒப்பிட்டு, இன்னின்ன விண்மீன்கள் என அடையாளம் காணும். மரைனர்-4 ஒற்றை ஒளியைத் தேடியது. இக்கருவி வடிவத்தைத் தேடுகிறது. தனித்த ஒரு தூசு இதனை எளிதில் ஏமாற்ற முடியாது. முன்னறிவு ஏதுமின்றியே கலம் எத்திசையை நோக்குகிறது என்பதைச் சில நொடிகளில் கண்டுவிடும்.

ஆனால் இதனால் விடை கிடைப்பது திசைக்கு மட்டுமே. விண்மீன்கள் மிகத் தொலைவில் இருப்பதால் செவ்வாயிலிருந்து பார்த்தாலும் பூமியிலிருந்து பார்த்தாலும் அவற்றின் கோலம் மாறாது. இருக்கும் இடத்தை அறிய, அருகில் உள்ள ஒரு பொருள் விண்மீன்களின் பின்னணியில் எங்கே தெரிகிறது என்று பார்க்க வேண்டும். இதனைத் தானாகவே செய்த முன்னோடிக் கலம், 1998 அக்டோபர் 24 அன்று ஏவப்பட்ட டீப் ஸ்பேஸ்-1. வழியில் தென்பட்ட சிறுகோள்களை விண்மீன்களோடு சேர்த்துப் படமெடுத்து, தன் இருப்பிடத்தைத் தானே கணித்தது.

1999 நவம்பரில் அதன் விண்மீன் உணரி பழுதாகிவிட்டது. கலம் ஒன்று குருடான பிறகு பயணம் தொடர்வது அரிது. பொறியாளர்கள் மாதக்கணக்கில் உழைத்து, அறிவியல் ஆய்வுக்கென வைத்திருந்த வேறொரு படக்கருவியைக் கொண்டு விண்மீன்களைப் பார்க்கும் புதிய மென்பொருளை எழுதி, 2000-இல் தொலைவிலிருந்தே கலத்தில் ஏற்றினர். 2001 செப்டம்பர் 22 அன்று அது பொரெலி வால்மீனுக்குச் சுமார் 2,200 கிலோமீட்டர் அருகே கடந்து சென்று படங்களை அனுப்பியது. நம் நாட்டிலும் இதற்கு ஈடான நிகழ்வு உண்டு. 2008 அக்டோபரில் ஏவப்பட்ட சந்திரயான்-1 கலத்தின் விண்மீன் உணரிகள் மறு ஆண்டு பழுதாயின. மயில்சாமி அண்ணாதுரையைத் திட்ட இயக்குநராகக் கொண்ட அக்குழு, ஜைரோஸ்கோப்புகளின் துணையால் கலத்தின் திசையைக் காத்து, 2009 ஆகஸ்டில் தொடர்பு அறும்வரை பணியைத் தொடர்ந்தது.

செம்மண்ணில் திசை

தரையில் ஊரும் ரோவருக்கு இன்னொரு துணை உண்டு. அது நிற்கும் தரை கீழ்த்திசை எது என்பதை ஈர்ப்பின் வழியே உணர்த்தும். 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஆகிய ஊர்திகள் ஓட ஓட, அவற்றின் ஜைரோஸ்கோப்புகள் சிறிது சிறிதாகப் பிழை சேர்த்துக்கொண்டே இருக்கும். அதனைத் திருத்த, அவை அவ்வப்போது நின்று, வடிகட்டி பொருத்திய கண்ணால் சூரியனைப் பார்க்கும். கடிகாரத்தில் உள்ள நேரத்துக்குச் சூரியன் எங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கோடு ஒப்பிட்டு வடக்கைக் கண்டறியும். நிழலை அளந்து லுஹர் நேரம் சொன்ன முவக்கித்தின் முறைக்கு இது வெகுதூரத்தில் இல்லை.

காற்று இல்லாத சந்திரனில் கூச்சம் தரும் ஒளியை மறைத்துக்கொண்டால் விண்மீன்களையே பார்க்கலாம். கீழ்த்திசையும், விண்மீன் கோலமும், சரியான நேரமும் சேர்ந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் கிடைத்துவிடும். சந்திரனில் ஒரு பாகை என்பது சுமார் 30 கிலோமீட்டர். ஆகவே கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு பிழைத்தாலும் ஊர்தி தன் இடத்தை அரைக் கிலோமீட்டர் தவறாக எண்ணிக்கொள்ளும். பெரும்பாலும் பிழை நுழைவது விண்மீனை அளப்பதில் அன்று, கீழ்த்திசையை அளப்பதில்தான். கமாலைப் பிடித்த மாலுமிக்கு அடிவானம் மங்கலாகத் தெரிந்த இரவு எப்படியோ, ஊர்திக்குத் தன் சாய்வைச் சரியாக உணராத நொடி அப்படி.

பெருமையும் பொறுப்பும்

இவ்வரலாற்றைப் பேசும்போது நாம் நேர்மையோடு பேச வேண்டும். வாஸ்கோ ட காமாவுக்கு இந்தியாவுக்கு வழி காட்டியவர் இப்னு மாஜித்தே என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் குத்புத்தீன் அந்நஹ்ரவாலி எழுதியதிலிருந்து பரவிய செய்தி அது. 1498-இல் மாலிந்தியில் ஏறிய வழிகாட்டியைப் போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் பர்ரோஸ் குஜராத்தைச் சேர்ந்தவர் என்றே குறிக்கிறார். இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அக்கதையை ஏற்பதில்லை. இப்னு மாஜித்தின் உண்மையான பெருமைக்கு அவர் எழுதிய நூலே போதும்.

அவ்வாறே, விண்மீன்கள் அரபுப் பெயர் தாங்கி நிற்பதால் அவற்றின் அறிவு நமக்கு உரிமையாகிவிடாது. அல்ஸூஃபி தாலமியிடம் கற்றார். ஆனால் மறுபடியும் தம் கண்ணால் பார்த்தார். உலூக் பேக் முன்னோரின் பட்டியல் இருந்தும் மீண்டும் அளந்தார். மரைனர்-4, டீப் ஸ்பேஸ்-1 ஆகியவற்றை இயக்கியோர் செய்ததும் அதுவே: பார்த்ததைச் சந்தேகித்து, பிழையை ஒப்புக்கொண்டு, திருத்தினர். அந்தப் பழக்கமே நாம் பெற்ற வாரிசுச் சொத்து. பெயர்களைப் பாடமாக ஒப்பித்துவிட்டுப் பழக்கத்தைக் கைவிட்டோமானால், சொத்தின் பத்திரத்தை வைத்துக்கொண்டு நிலத்தைத் தரிசாக விட்டவர்களாவோம்.

2007 அக்டோபரில், ரமலான் மாதத்தில், மலேசியாவின் ஷேக் முஸஃபர் ஷுகோர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவரும் அங்கே கிப்லா எது? அந்நாட்டு உலமாக்கள் ஒரு வழிமுறையை வகுத்தனர். இயலுமானால் கஅபாவை நோக்க வேண்டும். இயலாவிடில் கஅபாவுக்கு நேர் மேலே உள்ள திசையை. அதுவும் இயலாவிடில் பூமியை. எதுவும் இயலாவிடில் எத்திசையையும் நோக்கலாம். இறுதிச் சலுகை முதலில் வைக்கப்படவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அறியக்கூடியதை அறிய முயல்வது முதற்கடமை. சலுகை அந்த முயற்சிக்குப் பின்னரே வருகிறது.

பிப்ரவரி மாதத்தில் இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது, ஒன்பது மணி அளவில், தெற்கே பாருங்கள். உயரத்தில் வெண்மையாகச் சுடர்வது ஷிஃரா. அதன் கீழே, தென்வானில் தாழ்வாக நிற்பது சுஹைல். அதற்கு நேர்முகமாக நின்றால் வலக்கைப் பக்கம் மேற்கு. அங்கிருந்து சற்றே வடக்காகத் திரும்பினால் நம் ஊர்களின் கிப்லா. குழந்தைகளையும் உடன் அழைத்துச் சென்று காட்டுங்கள். பிறகு கைப்பேசியின் முள்ளைக் கொண்டு சரிபாருங்கள்; இரண்டும் வேறுபட்டால் பிழை எங்கே என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.